அக்கா விட்டுக்கொடுத்த ஆட்டம்

மூன்றாவது செட். ஐந்துக்கு மூன்று. அக்கா சர்வீஸ்.

இன்னும் ஒரே ஒரு கேம் எடுத்தால் மாநிலப் பட்டம் அவளுக்கு. வலைக்கு இந்தப் பக்கம் நான். சென்னையில் வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. தரைக்குத் தண்ணீர் தெளித்து வெகு நேரமாகியிருந்ததால் ஒவ்வொரு பந்துக்கும் சிவப்புத் தூசி எழும்பி, எங்கள் இருவரின் வெள்ளைச் சாக்ஸிலும் படிந்தது.

டென்னிஸ் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். சர்வீஸ் போட ஒருவருக்கு இரண்டு வாய்ப்பு உண்டு. இரண்டு பந்தும் கட்டத்துக்கு வெளியே போனால் புள்ளி எதிராளிக்கு. அதற்கு டபுள் ஃபால்ட் என்று பெயர். அக்கா டபுள் ஃபால்ட் செய்து நான் பார்த்தது குறைவு.

அந்த கேமில் அவள் இரண்டு செய்தாள்.

முதல் தடவை பந்து கோட்டைத் தாண்டி ஒரு சாண் தூரத்தில் விழுந்தது. இரண்டாவது தடவை, கேமைத் தீர்மானிக்கும் புள்ளியில், அதைவிட வேகமாக வந்து என் கால் பக்கத்தில் விழுந்தது. நான் மட்டையை நீட்டவே இல்லை. நடுவர் என் பெயரைச் சொன்னார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. தன் மட்டையின் நரம்புகளை விரலால் ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு மூன்று கேம்கள், தொடர்ந்து எனக்கே வந்தன. ஏழு-ஐந்து. வலையருகே வந்து கை கொடுத்தாள். உள்ளங்கை நனைந்திருந்தது. "நல்லா ஆடுனட்டி" என்றாள். அவ்வளவுதான்.

ஏழு வாரங்களுக்கு முன் இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதியிருந்தேன். கடைசியில் ஒரு வரியையும் சேர்த்திருந்தேன்: 'அன்று என் அக்கா எனக்காக விட்டுக்கொடுத்தாள்.' 

அந்த வரி தவறு. இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

கரிசலில் ஒரு செம்மண் தரை

எங்கள் ஊர் கோவில்பட்டி. ஹாக்கி ஊர். அங்கே தெருவில் பிறந்த பிள்ளை நடக்கும் முன் மட்டையைப் பிடிக்கும் என்று பெருமையாகச் சொல்வார்கள். நாங்கள் டென்னிஸ் மட்டையோடு பஸ் ஏறினால், ஹாக்கி மட்டை ஏன் தலை வீங்கிப்போயிருக்கிறது என்று கண்டக்டர் கேட்பார். ஒவ்வொரு முறையும் கேட்பார். ஒவ்வொரு முறையும் பஸ்ஸே சிரிக்கும்.

அப்பா சிறிய தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். வெளியூர்க்காரர்களுக்கு விளக்கம்: எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். சரக்கு கொடுக்க வடக்கே போன இடத்தில், மொத்த வியாபாரி ஒருவர் சாயங்காலம் அப்பாவைத் தன் கிளப்புக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அங்கே இரண்டு பெண்கள் டென்னிஸ் ஆடியதை அப்பா பார்த்தார். திரும்பி வரும்போது துண்டில் சுற்றிய இரண்டு பழைய மர மட்டைகள் அவர் கையில் இருந்தன. எங்கள் வீட்டிலும் இரண்டு பெண்கள். அவர் கணக்கு அவ்வளவு எளிமையானது.

ஆடுவதற்குத் தரை வேண்டும். கரிசல் மண் டென்னிஸுக்கு ஆகாது. கோடையில் வெடிப்பு விடும். பந்து உள்ளே போனால் முழங்கை வரை கையை விட்டு எடுக்க வேண்டும். மழை பெய்தால் செருப்பில் ஒட்டிக்கொண்டு கூடவே வீட்டுக்கு வரும். அப்பா ஆபீஸுக்குப் பின்னால் இடுப்பளவு தோண்டி, உடைகல்லும் சரளும் போட்டு, மேலே லாரியில் வந்த செம்மண்ணைக் கொட்டி உருளை ஓட்டினார்.

இரண்டு மழைக்காலம் தாங்கியது. பிறகு அடியில் இருந்த கரிசல் ஊறி, வடக்கு மூலையில் தரையைத் தூக்கிவிட்டது. அந்த மேட்டுக்கு நாங்கள் ஆமை என்று பெயர் வைத்தோம். ஆமையின் மேல் விழும் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று ஆமைக்கே தெரியாது. பின்னாளில் என் பயிற்சியாளர்கள் நான் பந்தைக் கடைசி நொடி வரை பார்ப்பதைப் பாராட்டியபோதெல்லாம், அந்தப் புகழ் ஆமைக்குச் சேர வேண்டியது.

வடக்குப் பக்கம் யார் நிற்பது என்பதற்குத் தினமும் சண்டை. நான் சின்னவள் என்று அக்கா ஒருநாளும் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டதில்லை. நாணயம் சுண்டித்தான் முடிவு செய்வோம். பொட்டலத்தில் காராச்சேவு வந்தாலும் அப்படித்தான். பெரிய துண்டு யாருக்குப் போகிறது என்பதில் அவள் கண் இருக்கும். அப்படிப்பட்டவள் ஒரு மாநிலப் பட்டத்தை எப்படித் தூக்கிக் கொடுத்தாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

பெயரில் ஒரு நம்பிக்கை

அப்பாவுக்குச் சில நம்பிக்கைகள் இருந்தன. எப்போதும்வென்றான் என்று எங்கள் பக்கத்தில் ஓர் ஊர் இருக்கிறது. தூத்துக்குடிக்கு ஆட்டம் ஆடப் போகும்போது அந்த ஊர் வழியாகத்தான் போக வேண்டும் என்பார். அங்கே இறங்கி, ஊர்ப் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் எங்கள் இருவரையும் சற்று நேரம் நிற்க வைப்பார். வழியில் போகிற ஆட்டுக்காரர்கள் எங்களையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஒரு தடவை அக்கா அலுத்துப்போய், மழை இல்லேன்னா இந்த ஊர்லயும் பருத்தி தோத்துத்தானப்பா போவுது என்றாள். அப்பா எங்களை இன்னும் இரண்டு நிமிடம் அதிகமாக நிற்க வைத்தார்.

அப்பாவைக் கெட்டவராக யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆபீஸில் மருந்து முக்கும் வேலையை விட்டுவிட்டு எங்களுக்குப் பந்து பொறுக்கியிருக்கிறார். தீக்குச்சித் தலையில் வைக்கும் கலவைக்கு மருந்து என்று பெயர். அந்த வாசனையோடுதான் எங்களுக்குப் பின்னால் ஊர் ஊராக வந்தார். எங்கள் மட்டைகளுக்கு நரம்பு மாற்ற மதுரை வரை போக வேண்டியிருந்த காலம் அது. ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை.

ஆனால் எதையும் அவர் தனியாகவே முடிவு செய்வார். முடிவு செய்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும்.

ஒரே ஓர் இடம்

அந்த மாநில இறுதி ஆட்டத்தின்போது எனக்குப் பதினேழு வயது. அக்கா செண்பகவல்லிக்குப் பத்தொன்பது. வடக்கே ஒரு நகரத்தில் தேசியப் பயிற்சி முகாம் தொடங்க இருந்தது. இரண்டு வருடம் தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும். எங்கள் மாநிலத்துப் பெண்களில் ஒருவருக்குத்தான் இடம். பட்டம் வெல்பவர் போகலாம்.

நாங்கள் இருவரும் இறுதிக்கு வருவோம் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எங்களுக்கே ஆச்சரியம்தான். முந்தின நாள் சாயங்காலம் தங்கியிருந்த விடுதியில் ஒரே தட்டில் இட்லி சாப்பிட்டோம். ஆட்டத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. 

காலையில் மைதானத்துக்குப் போனதும் நான் காலணி கட்டிக்கொண்டிருந்தேன். குடிதண்ணீர்க் குழாயின் பக்கத்தில் அப்பாவும் அக்காவும் நின்றிருந்தார்கள். அப்பா மெல்லப் பேசிக்கொண்டிருந்தார். அக்கா தரையைப் பார்த்தபடி கேட்டுவிட்டு, கடைசியில் தலையை ஆட்டினாள். நான் போனதும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் பிடித்துக்கொள் என்று அப்பா என்னிடம் சொன்னார்.

நான் ஜெயித்த பிறகு பார்வையாளர் வரிசையில் அப்பாவைத் தேடினேன். செய்தித்தாளை மடித்து வெயிலுக்குத் தலையில் வைத்திருந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் தட்டவில்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணியாச்சியில் இறங்கியது

அன்றே ரயில் ஏறினோம். வழக்கமாகக் கோவில்பட்டி ஸ்டேஷனில் கடலை மிட்டாய் விற்பவர்களின் குரல்தான் எங்களை எழுப்பிவிடும். அன்று மூன்று பேரும் அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டோம். கண் விழித்தபோது ரயில் எங்கள் ஊரைத் தாண்டி மணியாச்சியில் நின்றிருந்தது. பையையும் மட்டையையும் கோப்பையையும் வாரிக்கொண்டு இறங்கினோம்.

அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. ஜங்ஷனுக்கே உரிய நீளமான நடைமேடை. தூத்துக்குடிப் பக்கம் போக வேண்டியவர்கள் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். கோவில்பட்டிக்குத் திரும்பும் ரயில் எப்போது என்று விசாரிக்க அக்கா போனாள். அவள் போன பிறகு அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி கோமு, அக்கா உனக்காக விட்டுக் குடுத்திருக்கா" என்றார். "நேத்து காலையில நாந்தான் சொன்னேன். அவளுக்கு வயசு தாண்டிட்டு. கேம்ப்ல ரெண்டு வருஷம் இருந்தா உனக்குத்தான் பிரயோசனம். அவ மறுபேச்சு பேசல. இத நீ அவகிட்ட கேக்கக் கூடாது. பெரிய பட்டமா ஜெயிச்சுக் காட்டு. அது போதும்."

தூரத்தில் அக்கா திரும்பி வந்துகொண்டிருந்தாள். இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது, டீ குடிக்கலாமா என்று கேட்டாள். மூன்று பேரும் டீ குடித்தோம்.

எங்கள் ஆபீஸில் வேலை பார்த்த அத்தனை பெண்களுக்கும் அந்த வாரமே விஷயம் தெரிந்துவிட்டது. அப்பா ஒருவரிடம் சொல்லியிருப்பார். பிறகு சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தது. கோவில்பட்டியில் அது அக்கா கொடுத்த கப் என்று ஆனது. செண்பகவல்லி பெரிய மனசுக்காரி என்று ஆனது.

நான் முகாமுக்குப் புறப்பட்ட பிறகு அக்கா மட்டையைத் தொடவில்லை. ஆபீஸ் வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

இரவல் பட்டம்

முகாம் நாட்களைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன். ரொட்டியையும் குளிரையும் மறுபடியும் சொல்லி உங்களைச் சலிப்படையச் செய்ய மாட்டேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

நான் முதன்முதலாகத் தேசிய இறுதிக்கு வந்தபோது, பட்டத்துக்கு ஒரு புள்ளிதான் பாக்கி. சர்வீஸ் என் கையில். பந்தைத் தரையில் தட்டினேன். அப்போது அக்காவின் இரண்டு டபுள் ஃபால்ட்களும் கண்ணுக்கு முன் வந்தன. நான் இந்த இடத்துக்கு என் சொந்தக் கையால் வரவில்லை என்று தோன்றியது. ஒருத்தி ஒதுங்கி நின்று கதவைத் திறந்துவிட்டதால் உள்ளே வந்தவள். அந்த எண்ணம் வந்த பிறகு கை ஓடவில்லை. தோற்றேன்.

அடுத்த வருட இறுதியிலும் அதேதான். பயிற்சியாளர் என் பிடியை மாற்றினார், நிற்கும் இடத்தை மாற்றினார். மனதில் இருப்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவரால் என்ன செய்ய முடியும்?

மூன்றாவது வருடம் ஜெயித்தேன். எப்படி என்று கேட்டால், அலுத்துப்போய்விட்டது என்பதுதான் உண்மை. இந்தப் பட்டத்தை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்து ஆடினேன். அந்த நினைப்பு உதவியது.

கோப்பையோடு ஊருக்கு வந்து நேரே ஆபீஸுக்குப் போனேன். அக்கா மருந்துக் கலவை பார்த்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கோப்பையை அவள் கையில் வைத்து, இது உனக்குத்தான் என்றேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்லா இருக்கு என்றாள். லேபிள் மாதிரிகள் அடுக்கியிருந்த அலமாரியில் வைத்துவிட்டு, கலவை இறுகிவிடும் என்று உள்ளே போய்விட்டாள்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிறகு, பெரிய மனசுக்காரர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு தடவை தேசியப் பட்டம் கிடைத்தது. நாட்டு அணிக்காக வெளிநாடுகளில் ஆடினேன். உலகத் தரவரிசையில் என் இடத்தைக் கேட்காதீர்கள். கடைசியில் தோள்பட்டை வலியால் ஆட்டம் நின்றுபோனது. இப்போது கோயம்புத்தூரில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன்.

எத்தனை பாராட்டு விழாக்கள். ஒவ்வொன்றிலும் நன்றி சொல்லும்போது அக்காவின் கதையைச் சொல்வேன். கூட்டம் உருகிப்போகும். முன்வரிசையில் அக்கா இருந்தால் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று நினைத்தேன்.

கடிதங்களும் ஒரு போனும்

ஏழு வாரங்களுக்கு முன் அந்த அத்தியாயம் வெளிவந்ததும் கடிதங்கள் வந்தன. இந்தத் தொடருக்கு இதுவரை வந்தவற்றில் அதற்குத்தான் அதிகம். என் ஆட்டத்தைப் பற்றி அல்ல, அக்காவைப் பற்றி.

புதூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் எழுதியிருந்தார். திருப்பூரில் தையல் வேலை பார்க்கிறார். தங்கை படிக்க வேண்டும் என்பதற்காக இவர் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டாராம். தங்கை இப்போது டீச்சர். 'உங்கள் அக்காவைப் பற்றிப் படித்ததும் என்னைப் பற்றியே யாரோ எழுதியதுபோல் இருந்தது. ஆனால் மேடம், என்னிடம் யாரும் கேட்கவில்லை. நிறுத்திவிட்டார்கள். உங்கள் அக்காவிடம் கேட்டார்களா?' என்று முடித்திருந்தார்.

அந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் கடிதத்தை மேசையிலேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அக்கா போன் செய்தாள்.

நீ எழுதியதைப் படித்தேன் என்றாள். பிடித்திருந்ததா என்று கேட்டேன்.

"நேர்ல வா, கோமு. போன்ல பேசுத விஷயம் இல்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். ஆனி மாதக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ரயிலில் இருந்து பார்த்தால் உழுது போட்ட கரிசல் காடு அடிவானம் வரை கறுத்துக் கிடந்தது.

ஆபீஸ் இப்போது அக்காவுடையது. அத்தானுக்குச் சாத்தூரில் வேறு வியாபாரம். அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. நாங்கள் ஆடிய தரை இருந்த இடத்தில் கொட்டகை போட்டு, பெட்டி செய்யும் எந்திரம் வைத்திருக்கிறாள். லைட்டர் வந்து தொழில் படுத்துவிட்டது என்று எல்லோரும் புலம்புகிறார்கள். அவள் புலம்பி நான் கேட்டதில்லை. விடுமுறை நாள் என்பதால் எந்திரம் ஓடவில்லை. ஆபீஸ் அறையில் அவள் மட்டும் இருந்தாள். கதவைச் சாத்திவிட்டு உட்கார் என்றாள்.

அக்கா சொன்னது

பூரணியிலிருந்து ஆரம்பித்தாள். பூரணி அவள் மகள். வெளியூரில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அவளுடைய தம்பிக்கும் இந்த வருடம் கல்லூரி. இரண்டு பேரையும் வெளியூருக்கு அனுப்ப வேண்டாம், ஒருவர் போதும் என்று அத்தான் வீட்டில் பேச்சு. பையன் போகட்டும், பூரணி உள்ளூரிலேயே ஏதாவது படிக்கட்டும் என்று அத்தானின் அண்ணன் சொல்லியிருக்கிறார். பூரணி சம்மதிக்கவில்லை.

அதற்குள் என் அத்தியாயம் வெளிவந்துவிட்டது. அத்தானின் அண்ணன் பத்திரிகையைக் கையோடு கொண்டுவந்து பூரணியின் முன்னால் வைத்திருக்கிறார்.

"உங்கம்மா மாதிரி பெரிய மனசு வேணும், தம்பிக்கு விட்டுக் குடுன்னு சொல்லுதாவ" என்றாள் அக்கா. "பூரணி என்னையப் பாத்து, நெசமாவே நீ விட்டுக் குடுத்தியாம்மான்னு கேட்டா. என்னால வாயத் தொறக்க முடியல."

ஏன் என்று கேட்டேன்.

"ஏன்னா நான் விட்டுக் குடுக்கல."

எனக்கு உடனே புரியவில்லை. அப்பா சொன்னாரே என்றேன். மணியாச்சியில் அவர் என்னிடம் சொன்னதை முதல் முறையாக அவளிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"அப்பா சொன்னது நெசந்தான். குழாய்ப் பக்கத்துல வச்சுச் சொன்னாவ. மாட்டேன்னு சொன்னா அங்கனயே சங்கடப்படுவாவ. அதனால தலைய மட்டும் ஆட்டினேன். ஆடி ஜெயிச்சுட்டா பெறவு என்ன செய்யப் போறாவ, கேம்புக்கு அனுப்பித்தான ஆகணும்னு நெனச்சேன். அப்படி ஒரு ஆட்டம் நான் அதுக்கு முன்னாடி ஆடுனதில்ல, கோமு. அஞ்சுக்கு மூணு வந்ததும் ஜெயிச்சாச்சுன்னே நெனச்சுட்டேன். அங்கனதான் கை நடுங்கிப் போச்சு."

நான் டபுள் ஃபால்ட்களைக் கேட்டேன்.

"விட்டுக் குடுக்கிறவ ரெண்டாவது சர்வீஸ அந்த வேகத்துலயா போடுவா? நீ சாம்பியன்லா. உனக்கு அது கூடவா தெரியல?"

தெரிந்திருக்க வேண்டும். என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை நானே சொல்லியிருக்கிறேன். வேண்டுமென்று தோற்பவர் பந்தை மெதுவாக வலையில் போடுவார். யாருக்கும் சந்தேகம் வராது. கோட்டைத் தாண்டிப் பறக்கும் பந்து, ஜெயிக்கத் துடிப்பவரின் பந்து. அந்தப் பந்து என் காலடியில் விழுந்ததை நான் பார்த்தேன். ஆனால் மறுநாள் அப்பா வேறு சொன்னார். அதற்குப் பிறகு நான் பார்த்ததை விட்டுவிட்டு, கேட்டதையே நினைவில் வைத்துக்கொண்டேன்.

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஊரெல்லாம் அப்பா சொல்லிட்டாவ. தோத்தவளா இருக்கதுக்கு, குடுத்தவளா இருக்கது நல்லாத்தான் இருந்துச்சு. பொண்ணு பாக்க வந்தவிய கூட அதத்தான் பெருமையாப் பேசுனாவ. அப்பாவும் எம் பேச்ச மீறாத பிள்ளைன்னு சாகுத வரைக்கும் சொல்லிட்டிருந்தாவ. அதப் போய்க் கெடுக்கணுமா? ஆனா நீ மேடை மேடையா சொல்லும்போதெல்லாம் எழுந்து போயிரலாம்னு இருக்கும்."

மட்டையை ஏன் விட்டாய் என்ற கேள்வியையும் கேட்டேன். அதற்கு அவளிடம் சுருக்கமான பதில் இருந்தது. முழு மூச்சாக ஆடியும் இரண்டு வயது சின்னவளிடம் தோற்றுவிட்டாள். இனி என்னை ஜெயிக்க முடியாது என்று வலையருகே கை கொடுத்தபோதே தெரிந்துவிட்டதாம். அதில் வருத்தம் இருந்ததா என்றேன். இரண்டு வருடம் இருந்தது, பிறகு வேலை வந்துவிட்டது என்றாள்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்துப் பயனில்லை. அந்தப் பட்டம் என்னுடையதாகிவிட்டது. தோற்றுப்போன இரண்டு தேசிய இறுதிகளும் நினைவுக்கு வந்தன. ஒரு பொய்யை நம்பி அவற்றைத் தொலைத்திருக்கிறேன். அப்பா மீது கோபப்பட முயன்றேன். அவரும் அதை உண்மை என்றுதான் நம்பினார். கோபம் நிற்கவில்லை.

பிறகுதான் எதிரில் இருந்தவளைப் பார்த்தேன். ஊர் அவளுக்குக் கொடுத்திருந்த பெயர் ஒன்றே ஒன்று. அதை அவளே எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, விசிறியின் வேகத்தைக் கூட்ட எழுந்து போனாள்.

பூரணி

மதியம் அக்கா வீட்டில் சாப்பாடு. அத்தான், அவருடைய அண்ணன், பூரணி, அவள் தம்பி எல்லோரும் இருந்தார்கள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா கூடத்தில் நின்றபடியே சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"பத்திரிகையில வந்தது தப்பு. நான் இவளுக்கு விட்டுக் குடுக்கல. ஜெயிக்கத்தான் ஆடினேன், தோத்துட்டேன். அதனால என்னையக் காட்டி யாரும் பூரணிய விட்டுக் குடுக்கச் சொல்லாதிய."

அத்தானின் அண்ணன் என்னைப் பார்த்தார். ஆமாம் என்றேன். அப்படியானால் ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டார். தெரியாமல் எழுதிவிட்டேன் என்றேன். அது அவருக்குத் திருப்தியாக இல்லை. இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

பேச்சு அன்றே முடிந்துவிடவில்லை. ஒரு வாரம் நடந்தது. கடைசியில் பூரணியின் தம்பியே, தனக்குத் திருநெல்வேலி போதும், வீட்டுச் சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லிவிட்டான். அவன் விட்டுக்கொடுத்தானா, உண்மையிலேயே அதுதான் அவன் விருப்பமா என்று நான் அவனிடம் கேட்டேன். சாப்பாடுதான் காரணம் என்றான். இரண்டு முறை கேட்டேன். இந்தக் குடும்பத்தில் இனி அதைக் கேட்காமல் விடுவதாக இல்லை.

பூரணி போன திங்கட்கிழமை கிளம்பிப் போனாள்.

புதூர்ப் பெண்ணுக்கும் பதில் எழுதினேன். கேட்டார்கள், அவள் ஆட்டத்தில் மறுத்தாள், யாருக்கும் தெரியவில்லை என்று எழுதினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கோயம்புத்தூருக்குக் கிளம்பும்போது அக்கா வாசல் வரை வந்தாள். இதை எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது. 'தோத்துட்டா'ன்னே எழுது. பாவம்னு ஒரு வார்த்த சேத்துராத."

சேர்க்கவில்லை.

சென்னையில் நடந்த அந்த மாநில இறுதி ஆட்டத்தில் என் அக்கா செண்பகவல்லி எனக்கு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஜெயிப்பதற்காகவே ஆடினாள். ஆறு-நான்கு, நான்கு-ஆறு, ஏழு-ஐந்து. தோற்றாள்.